வளர்ச்சிக் காரணியும் ஆன்டிஆக்ஸிடன்டும்: கல்லீரலுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

1931-இல் ஹிகின்ஸ், ஆண்டர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலியின் கல்லீரலில் செய்த ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். எலியின் கல்லீரல் தனித்தனி மடல்களாகப் பிரிந்து கிடக்கும். பெரிய மடல்களின் அடிக்காம்பை நூலால் இறுகக் கட்டி அறுத்து எடுத்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மிச்ச மடல்களின் மேல் கத்தி படுவதில்லை. ஒரு வாரம், பத்து நாளுக்குள் அந்த மிச்சம் பழைய எடையை எட்டிவிடுகிறது. இந்தத் துறையில் இன்றுவரை நடக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இதே சோதனையில்தான் தொடங்குகின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வோம். வெட்டிய கரும்பின் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்புவது போல, அறுத்த இடத்திலிருந்து புது மடல் முளைப்பதில்லை. மிஞ்சிய மடல்களில் உள்ள செல்கள், அதுவரை மாதக்கணக்கில் பிரியாமல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவை, ஒன்றிரண்டு முறை பிரிந்து பெருகுகின்றன. எலியில் முதல் 24 மணி நேரத்தை ஒட்டியே டி.என்.ஏ. நகலெடுப்பு உச்சத்துக்குப் போகிறது. மனிதரில் இது சற்று நிதானமாக நடக்கும். உறவினருக்காகக் கல்லீரலின் வலப் பாதியைக் கொடுத்த ஆரோக்கியமான கொடையாளருக்கு வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் முடிந்து, மூன்று மாதத்தில் பழைய அளவில் ஏறத்தாழ 80 விழுக்காடு திரும்பிவிடுகிறது.

இவ்வளவு நன்றாக வளரும் உறுப்புக்கு மருந்து எதற்கு என்று கேட்கலாம். அறுவைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அந்த எலியைப் போன்றவர்கள் அல்லர் என்பதே பதில். கல்லீரலில் புற்றுநோய் உள்ளவர், பெருங்குடல் புற்று கல்லீரலுக்குப் பரவியதால் பல சுற்று கீமோதெரபி எடுத்தவர், கொழுப்பு படிந்த கல்லீரலோடு சர்க்கரை நோயும் உள்ளவர், சிரோசிஸ் தொடங்கிவிட்டவர் என்று பட்டியல் நீளும். அறுவைக்குப் பின் மிஞ்சும் பகுதி, நல்ல கல்லீரலானால் 20 விழுக்காடு இருந்தாலே போதும் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். நீண்ட கீமோதெரபிக்குப் பிறகு 30, சிரோசிஸ் இருந்தால் 40 விழுக்காடு வேண்டும். கணக்குத் தப்பினால் அறுவைக்குப் பிந்திய கல்லீரல் செயலிழப்பு வருகிறது. கண் மஞ்சளாகிறது, வயிற்றில் நீர் கோர்க்கிறது, இரத்தம் உறைய மறுக்கிறது, நோயாளி குழம்பிப் பேசுகிறார். 2005-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர்கள் ஒரு எளிய அளவுகோல் சொன்னார்கள். ஐந்தாம் நாளில் இரத்தத்தில் பிலிருபின் லிட்டருக்கு 50 மைக்ரோமோலுக்கு மேலும், புரோத்ராம்பின் அளவு 50 விழுக்காட்டுக்குக் கீழும் இருந்தால் அந்த நோயாளிகளில் 59 விழுக்காட்டினர் இறந்தார்கள். ஐந்தாம் நாளுக்குள் கல்லீரலைக் கைதூக்கிவிட ஒரு மருந்து கிடைக்குமா என்ற தேடல் இங்கிருந்துதான் பிறக்கிறது. அந்தத் தேடலில் அடிக்கடி முன்வைக்கப்படும் யோசனை ஒன்று உண்டு. செல்லைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணியையும், செல்லைச் சேதத்திலிருந்து காக்கும் ஆன்டிஆக்ஸிடன்டையும் ஒன்றாகக் கொடுப்போம், இரண்டு நன்மையும் கூடிவிடும் என்பது அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டும் கூட்டல் கணக்கில் அடங்குபவை அல்ல. ஒன்று மற்றொன்றுக்குத் துணை நிற்கவும் செய்யும், குறுக்கே நிற்கவும் செய்யும். எது நடக்கும் என்பதை மணிக்கணக்கும் அளவும் தீர்மானிக்கின்றன. இன்றைக்கு நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் வளர்ச்சிக் காரணிகள். 1951-இல் நான்சி புச்சர் குழுவினர் எலிகளைத் தோலோடு தோல் தைத்து ஒரே இரத்த ஓட்டத்தில் இணைத்தார்கள். ஒரு எலியின் கல்லீரலை வெட்டியதும் கூட இணைந்திருந்த எலியின் முழுக் கல்லீரலிலும் செல்கள் பிரியத் தொடங்கின. ஆக, வளரச் சொல்லும் செய்தி இரத்தத்தில் மிதந்து வருகிறது. அதைப் பிடிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1984-இல் ஜப்பானின் தொஷிகாசு நாகமுரா, கல்லீரல் அறுக்கப்பட்ட எலியின் இரத்தத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார். 1989-இல் அதன் மரபணு வரிசை தெரிந்தது. அதுதான் ஹெபடோசைட் குரோத் ஃபேக்டர், சுருக்கமாக எச்.ஜி.எஃப். கல்லீரல் செல்லின் மேல் அது அமரும் ஏற்பிக்கு மெட் என்று பெயர். எச்.ஜி.எஃப்.-க்கு இணையாக வேலை செய்யும் இன்னொரு காரணி ஈ.ஜி.எஃப். ஸ்டான்லி கோஹன் 1986-இல் நோபல் பரிசு பெற்றது அதைக் கண்டுபிடித்ததற்காக. இவை இரண்டும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே கல்லீரலில் தங்கியுள்ள குப்ஃபர் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் டி.என்.எஃப்., ஐ.எல்-6 என்ற சமிக்ஞைகளை வெளியிட்டு, தூங்கிக்கிடக்கும் கல்லீரல் செல்லைப் பிரிவுக்குத் தயார் செய்கின்றன. 1996-இல் ஐ.எல்-6 இல்லாத சுண்டெலிகளில் கல்லீரலை வெட்டியபோது மீள்வளர்ச்சி தடைபட்டுக் கல்லீரல் செயலிழந்தது. மெட் ஏற்பியை மட்டும், அல்லது ஈ.ஜி.எஃப். ஏற்பியை மட்டும் முடக்கினால் வளர்ச்சி தாமதப்பட்டு எப்படியோ நடந்துவிடுகிறது. 2016-இல் இரண்டையும் சேர்த்து முடக்கியபோது வளர்ச்சி அடியோடு நின்றது. ஒரு வழி அடைபட்டால் மறு வழியில் போகுமாறு இயற்கை இதை அமைத்திருக்கிறது.

எச்.ஜி.எஃப். பற்றிய கண்டுபிடிப்புகளில் பலர் வேகமாகக் கடந்துபோகும் ஒன்று என்னை நிறுத்துகிறது. 1988-இல் மனித எச்.ஜி.எஃப்.-ஐத் தூய்மைப்படுத்தியபோது, திடீர்க் கல்லீரல் செயலிழப்பால் பாதிக்கப்பட்ட நோயாளிகளின் இரத்தத்திலிருந்தே அதை எடுத்தார்கள். அவர்கள் இரத்தத்தில்தான் அது அவ்வளவு அதிகமாக இருந்தது. யோசித்துப் பாருங்கள். கல்லீரல் வளராமல் சாகும் நிலையிலுள்ள மனிதரின் இரத்தத்தில் கல்லீரலை வளர்க்கும் காரணி பெருகிக் கிடக்கிறது. அதன் அளவு ஏற ஏற நோயாளியின் நிலை மோசம் என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். இங்கே பற்றாக்குறை காரணியில் இல்லை. காரணி வந்து தட்டினாலும் செல்லால் பதில் தர முடியவில்லை. அப்படியிருக்க, வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் எச்.ஜி.எஃப். ஊற்றினால் என்ன கிடைக்கும்? ஜப்பானில் அதையும் செய்து பார்த்தார்கள். 2011-இல் வெளியான முதற்கட்ட ஆய்வில் நான்கு நோயாளிகளுக்கு மறுசேர்க்கை எச்.ஜி.எஃப். இரண்டு வாரம் வரை ஊசியாகத் தரப்பட்டது. இரத்த அழுத்தம் ஓரளவு இறங்கியது, சிறுநீரில் அல்புமின் கூடியது. பெரிய ஆபத்து எதுவும் நேரவில்லை. ஆனால் உயிர் காத்தது என்று சொல்லவும் ஆதாரம் கிடைக்கவில்லை. நான்கு பேரை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். இருந்தாலும், குறையாத ஒன்றைக் கூட்டுவதால் பெரிய பலன் வராது என்ற ஐயம் அதனால் வலுக்கிறது.

செல் ஏன் பதில் தருவதில்லை? ஆன்டிஆக்ஸிடன்ட் கதைக்குள் வருவது இந்தக் கேள்வி வழியாகத்தான். கிளாஸ்கோவில் 1908-இல் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் என்ற அறுவை மருத்துவர், கல்லீரலுக்குள் நுழையும் இரத்தக் குழாய்களை மொத்தமாக அழுத்திப் பிடித்தால் இரத்தப்போக்கு நிற்கும் என்று காட்டினார். இன்றும் அறுவை அரங்கில் அதைச் செய்கிறார்கள். வழக்கமாக 15 நிமிடம் கிளாம்ப் போட்டு, 5 நிமிடம் விடுவித்து, மறுபடியும் போடுவார்கள். கிளாம்ப் எடுத்தவுடன் ஆக்ஸிஜனோடு இரத்தம் பாய்ந்து வரும் அந்த நிமிடங்களில் மைட்டோகாண்ட்ரியாவும் குப்ஃபர் செல்களும் சூப்பராக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்ற தீவிர ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைக் கொட்டுகின்றன. இதோடு முடிவதில்லை. மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிய கல்லீரலுக்குள் குடலிலிருந்து வரும் போர்ட்டல் இரத்தம் முழு அளவில் பாய்கிறது. முதல் நாளில் கல்லீரல் செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் நிரம்புகின்றன. பிரிவுக்கு வேண்டிய சக்திக்காக அவற்றை எரிக்கும்போது மேலும் ஆக்ஸிஜன் கழிவு உண்டாகிறது. வளர்ச்சி தொடங்கிவிட்டதன் அடையாளத்தை ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே பார்க்கலாம். பெரிய கல்லீரல் அறுவைக்கு அடுத்த நாட்களில் இரத்தத்தில் பாஸ்பேட் சரசரவென்று இறங்கும். ஐ.சி.யு.வில் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். இறங்காமல் உயர்ந்தே நிற்கும் நோயாளியைப் பற்றித்தான் அனுபவமுள்ள மருத்துவர் கவலைப்படுவார். அங்கே கல்லீரல் வேலையைத் தொடங்கவில்லை என்று பொருள்.

இந்த ஆக்ஸிஜன் நெருக்கடிக்கும் வளர்ச்சிக் காரணிக்கும் உள்ள தொடர்பை 2008-இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. செல்லின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் ஏற்பாடுகளை முடுக்கிவிடும் புரதம் என்.ஆர்.எஃப்.2. அது இல்லாத சுண்டெலிகளில் கல்லீரலை வெட்டியபோது மீள்வளர்ச்சி தாமதப்பட்டது. காரணம் தேடியபோது, அளவு மிகுந்த தீவிர ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் இன்சுலின், ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணி ஆகியவற்றின் சமிக்ஞையைச் செல்லுக்குள் மழுங்கடித்திருந்தது தெரிந்தது. வளர்ச்சிக் காரணி இருக்கிறது, ஏற்பி இருக்கிறது, நடுவே செய்தி அறுந்துவிடுகிறது. இந்த ஒரு முடிவை வைத்துப் பார்த்தால் கூட்டுச் சிகிச்சைக்குக் கிடைக்கக்கூடிய வலுவான நியாயம் கிடைத்துவிட்டது. ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்துச் செய்தி போகும் பாதையைச் சரிசெய்யுங்கள், பிறகு வளர்ச்சிக் காரணி வேலை செய்யும். இதோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகள் நிறைய உண்டு. ஆனால் 2014-இல் இதே துறையில் எதிர்ப்பக்கத்தைச் சோதித்தார்கள். கல்லீரல் செல்களில் என்.ஆர்.எஃப்.2-ஐ எப்போதும் முடுக்கிய நிலையில் வைத்தால் மீள்வளர்ச்சி சிறக்க வேண்டும் அல்லவா? சிறக்கவில்லை, கெட்டது. செல் பிரிவை நிறுத்தும் மரபணுக்களும் செல்லைச் சாகடிக்கும் மரபணுக்களும் கிளர்ந்தெழுந்தன. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு.

மிகுந்தால் ஏன் கெட வேண்டும்? 1995-இல் வெளியான ஒரு சோதனை இதற்கு வழி திறக்கிறது. இரத்தக் குழாய்த் தசைச் செல்களில் பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி வந்து அமர்ந்ததும் செல் தானாகவே கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உற்பத்தி செய்கிறது. அதைக் கேட்டலேஸ் நொதியால் அழித்துவிட்டால் வளர்ச்சிக் காரணியின் செய்தி உள்ளே போவதே இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஈ.ஜி.எஃப்.-இலும் இதையே கண்டார்கள். ஏற்பி எழுப்பிய செய்தியை அழித்துவிடும் நொதிகள் செல்லுக்குள் எப்போதும் தயாராக நிற்கின்றன. பெராக்ஸைடு அவற்றைச் சற்று நேரம் கட்டிப்போடுகிறது, அந்த இடைவெளியில் செய்தி செல்லின் உட்கருவுக்குப் போய்விடுகிறது. ஆக, தீவிர ஆக்ஸிஜன் என்பது வெறும் குப்பை என்ற பழைய எண்ணம் இங்கே உடைகிறது. சிறு அளவில் அது வளர்ச்சிக் காரணியின் கைக்கருவி. அறுவை அரங்கிலும் இதற்குச் சான்று இருக்கிறது. நீண்ட நேரம் கிளாம்ப் போடும் முன் பத்து நிமிடம் போட்டு, பத்து நிமிடம் விட்டுவிடும் முன்தயாரிப்பு முறை கல்லீரலைப் பின்னால் வரும் சேதத்திலிருந்து ஓரளவு காக்கிறது. அந்தப் பாதுகாப்பில் சிறு அளவு ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. உடலுக்குள்ளேயே இந்த இரண்டு வேலையையும் ஒரே மூலக்கூறு பார்க்கும் உதாரணமும் இருக்கிறது. 1970-களில் கல்லீரல் வளர்ச்சியைத் தூண்டும் பொருளாகத் தேடத் தொடங்கி, 1994-இல் மரபணு தெரிந்த ஏ.எல்.ஆர். என்ற புரதம், பின்னால் ஆராய்ந்தபோது ஒரு ஆக்ஸிஜனேற்ற நொதி என்று தெரியவந்தது. வளர்ச்சியையும் ஆக்ஸிஜன் கணக்கையும் இயற்கை தனித்தனியே வைக்கவில்லை.

இனி மனிதர்களிடம் நடந்த சோதனைகளைப் பார்ப்போம். ஆன்டிஆக்ஸிடன்ட்களில் கல்லீரல் மருத்துவத்தில் மறுக்க முடியாத இடம் பெற்றது என்-அசிட்டைல்சிஸ்டீன், வார்டில் எல்லோரும் என்.ஏ.சி. என்பார்கள். பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு எட்டு மணி நேரத்துக்குள் இதைத் தொடங்கினால் கல்லீரல் ஏறக்குறைய உறுதியாகத் தப்பிவிடும். பிந்தப் பிந்தப் பலன் குறையும். பாராசிட்டமால் அல்லாத காரணங்களால் வந்த திடீர்ச் செயலிழப்பில் இது உதவுமா என்று அமெரிக்காவில் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். மாற்றுக் கல்லீரல் இல்லாமல் பிழைத்தவர்கள் என்.ஏ.சி. பெற்றவர்களில் 40 விழுக்காடு, வெற்று மருந்து பெற்றவர்களில் 27. ஆனால் அந்தப் பலன் முழுவதும் ஆரம்பக் கோமா நிலையில் இருந்தவர்களிடமே தெரிந்தது. அவர்களில் என்.ஏ.சி. பெற்றவர்களில் 52 விழுக்காடு, வெற்று மருந்து பெற்றவர்களில் 30. ஆழ்ந்த கோமாவுக்குப் போய்விட்டவர்களிடம் எந்த நன்மையும் தென்படவில்லை. இதையே குழந்தைகளிடம் சோதித்தபோது, 2013-இல் வந்த முடிவு அதிர்ச்சியாக இருந்தது. என்.ஏ.சி. பெற்ற குழந்தைகளில் மாற்றுக் கல்லீரல் இன்றி ஓராண்டு பிழைத்தவர்கள் 35 விழுக்காடு, பெறாதவர்களில் 53. சரி, அறுவைக்குப் பின்? கனடாவில் கல்லீரல் அறுவை செய்துகொண்டவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வெளியானது. கல்லீரல் விரைவாகத் தேறவில்லை, என்.ஏ.சி. பெற்றவர்களிடம் மனக்குழப்பம் அதிகம் காணப்பட்டதால் சோதனையையே பாதியில் நிறுத்தினார்கள்.

'ஆன்டிஆக்ஸிடன்ட் தானே, கொடுத்தால் என்ன கெட்டுவிடும்' என்பது நாம் அடிக்கடி கேட்கும் வாதம். மேலே கடைசியாகச் சொன்ன இரண்டு சோதனைகளும் அதற்குப் போதிய பதில். வேண்டுமானால் இன்னும் இரண்டு சேர்க்கலாம். பின்லாந்தில் புகைப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்று குறைவதற்குப் பதில் 18 விழுக்காடு கூடியது. அது 1994. அமெரிக்காவில் வைட்டமின் ஈ எடுத்துக்கொண்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்று 17 விழுக்காடு அதிகம் என்று 2011-இல் தெரிந்தது. சத்து என்ற பெயரில் வரும் பொருளுக்கு நாம் மருந்துக்குரிய சந்தேகத்தைக் காட்டுவதில்லை.

வளர்ச்சிக் காரணியையும் ஆன்டிஆக்ஸிடன்டையும் நேருக்கு நேர் சேர்த்துப் பார்த்த மனிதச் சோதனை எங்கே என்று தேடினால், அறுவைக்குப் பதிலாக மதுவால் வந்த கடும் கல்லீரல் அழற்சிக்கு, அதுவும் நம் நாட்டில் சண்டீகரில் நடந்த ஒன்று கிடைக்கிறது. 2018-இல் வெளியானது. ஜி-சி.எஸ்.எஃப். என்பது எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் வளர்ச்சிக் காரணி. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை, ஒரு பிரிவுக்கு அதோடு ஜி-சி.எஸ்.எஃப்., மற்றொரு பிரிவுக்கு ஜி-சி.எஸ்.எஃப்.-உடன் என்.ஏ.சி.யும். வளர்ச்சிக் காரணி பெற்றவர்கள் மூன்று மாதத்தில் அதிகம் பிழைத்திருந்தார்கள், என்.ஏ.சி. சேர்த்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. கூட்டல் கணக்கு தோற்ற இடம் இது. ஜி-சி.எஸ்.எஃப்.-இன் வெற்றியையும் அவசரப்பட்டுக் கொண்டாட வேண்டாம். நாள்பட்ட நோயின் மேல் திடீர்ச் செயலிழப்பு வந்தவர்களிடம் டெல்லியில் 2012-இல் அது பெரும் பலன் காட்டியது. ஜெர்மனியில் 176 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான சோதனையைப் பலன் இல்லை என்று இடையிலேயே நிறுத்தியிருந்தார்கள். அதே சமயம் மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2011-இல் பிரான்ஸில் இதே மதுக் கல்லீரல் அழற்சிக்கு பிரெட்னிசோலோனுடன் என்.ஏ.சி. சேர்த்தபோது முதல் மாத இறப்பு 24 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக இறங்கியது. ஆறாவது மாதத்தில் அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் முதல் நாட்களில் உதவி, பிறகு ஒதுங்கிக்கொள்கிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் புற்றுநோய் பற்றியது. கல்லீரலை அறுப்பதே பெரும்பாலும் புற்றுக்காக. அறுவைக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத புற்றுச் செல்கள் எங்கேனும் ஒளிந்திருக்கலாம். அவற்றுக்கும் சேர்த்தல்லவா எரு போடுகிறோம்? இதை லேசாகத் தள்ள முடியாது. மெட் ஏற்பியை அடைக்கும் காபோசான்டினிப் கல்லீரல் புற்றுக்கு மருந்தாகப் பயன்படுகிறது. ஈ.ஜி.எஃப். ஏற்பியை அடைக்கும் செடுக்சிமாப் பெருங்குடல் புற்றுக்குத் தரப்படுகிறது. ஒரு வார்டில் அடைக்கும் கதவை அடுத்த வார்டில் திறப்பதா? ஆன்டிஆக்ஸிடன்டுக்கும் இதில் விலக்கு இல்லை. 2014, 2015-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் என்.ஏ.சி. கொடுத்த சுண்டெலிகளில் நுரையீரல் புற்று வேகமாக வளர்வதையும் தோல் புற்று பரவுவதையும் காட்டினார்கள். என் பதில் இரண்டு பகுதி. முதலாவது, கல்லீரலை வெட்டினாலே உடல் எச்.ஜி.எஃப்.-ஐ வாரி இறைக்கிறது, புதிதாக நாம் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. கல்லீரல் செல்களில் மெட் ஏற்பி இல்லாத சுண்டெலிகளில் புற்றூட்டும் வேதிப்பொருள் கொடுத்தபோது கட்டிகள் குறையவில்லை, அதிகரித்தன என்று 2007-இல் கண்டார்கள். அங்கே ஆக்ஸிஜனேற்ற அழுத்தமே காரணமாக இருந்தது. வளர்ச்சிக் காரணி என்றாலே புற்று என்ற சமன்பாடு அவ்வளவு நேரானதல்ல. இரண்டாவது, இதெல்லாம் ஆறுதல் சொல்லும், அனுமதி தராது. வாரக்கணக்கில் வளர்ச்சிக் காரணி கொடுக்கும் எந்தத் திட்டத்தையும் புற்று நோயாளிகளிடம் தொடங்கக் கூடாது. மிஞ்சிய கல்லீரலின் அளவு எல்லைக்கோட்டில் இருந்து, செயலிழப்பால் இறக்கும் ஆபத்து புற்று திரும்பும் ஆபத்தைத் தெளிவாக மிஞ்சும்போது மட்டும், ஒன்றிரண்டு நாள் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம். ஆரோக்கியமான கொடையாளருக்கு இது தேவையே இல்லை. நன்றாகத் தேறிவரும் ஒருவரை ஆபத்தில் தள்ள எந்த நியாயமும் கிடையாது.

அறுவை மருத்துவர்கள் இன்னொரு ஆட்சேபம் சொல்வார்கள். 'மருந்து எதற்கு, எங்களிடமே வழி இருக்கிறதே' என்று. உண்மைதான். நீக்கப்போகும் பக்கத்துப் போர்ட்டல் குழாயை முன்கூட்டியே அடைத்து, மறுபக்கத்தைச் சில வாரங்களில் வளரவைப்பது ஜப்பானில் 1980-களில் தொடங்கியது. இன்று எங்கும் வழக்கத்தில் இருக்கிறது. 2012-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆல்ப்ஸ் என்ற இரண்டு கட்ட அறுவையில், மிச்சக் கல்லீரல் ஒன்பது நாளில் 74 விழுக்காடு பெருத்தது. அந்த முதல் தொகுப்பில் 12 விழுக்காட்டினர் இறந்தும் போனார்கள். படத்தில் பெரிதாகத் தெரியும் கல்லீரல் வேலை செய்யும் கல்லீரலாக இருக்கும் என்று உறுதி இல்லை. பிரிவில் மும்முரமாக இருக்கும் செல் பித்தத்தை வெளியேற்றுவது, உறைதல் காரணிகளைச் செய்வது போன்ற வேலைகளில் பின்தங்கும். மருந்து ஆய்வுகளும் இதே தவற்றைச் செய்கின்றன. எலியின் கல்லீரல் எடை இரண்டாம் நாளில் இத்தனை விழுக்காடு கூடியது என்று முடிக்கும் ஆய்வு எனக்குப் போதாது. அந்த எலி எப்படியும் ஒரு வாரத்தில் தேறிவிடும் இளம் எலி. ஐந்தாம் நாளில் மனிதரின் பிலிருபினும் ஐ.என்.ஆர். என்ற இரத்த உறைதல் அளவும் எங்கே நிற்கின்றன என்பதே கேள்வி.

அப்படியானால் கூட்டுச் சிகிச்சையைக் கைவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே என் முடிவு, ஆனால் அதைக் கால அட்டவணையாக மாற்ற வேண்டும். ஆன்டிஆக்ஸிடன்டின் இடம் கிளாம்ப் எடுக்கும் வேளையும் அதைத் தொடரும் சில மணி நேரமும். ஆக்ஸிஜன் வெள்ளம் அப்போதுதான் வருகிறது. பிறகு அதை நிறுத்திவிட வேண்டும், வளர்ச்சிக் காரணிக்குத் தேவையான சிறு பெராக்ஸைடை அழித்துவிடக் கூடாது. அடுத்து, முதல் ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும் வளர்ச்சிக் காரணி. இவ்வளவு துல்லியமாகக் கொடுப்பது நேற்றுவரை கனவாக இருந்தது. எச்.ஜி.எஃப். புரதம் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். 2021-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கோவிட் தடுப்பூசியில் நாம் அறிந்த அதே எம்.ஆர்.என்.ஏ. முறையில், கொழுப்பு நுண்துகளில் பொதிந்து, எச்.ஜி.எஃப்., ஈ.ஜி.எஃப். இரண்டின் குறிப்பையும் சுண்டெலியின் கல்லீரல் செல்களுக்குள்ளேயே அனுப்பினார்கள். செல் தானே சில நாள் அவற்றைச் செய்து, பிறகு நிறுத்திவிடுகிறது. தானாக நின்றுபோவது குறையல்ல, இந்த நோக்கத்துக்கு அதுவே பலம். வளர்ச்சியைத் தூண்டுவதற்குப் பதில், அதைத் தடுக்கும் எம்.கே.கே.4 என்ற நொதியை அடைத்துப் பார்க்கும் ஜெர்மானிய முயற்சியும் 2024-இல் பன்றிகளில் நல்ல முடிவு தந்து, ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் முதற்கட்டப் பாதுகாப்பு சோதனையைக் கடந்திருக்கிறது. இவற்றை மனிதரிடம் சோதிக்கும்போது நான்கு பிரிவு வேண்டும்: எதுவும் பெறாதவர், ஆன்டிஆக்ஸிடன்ட் மட்டும் பெறுபவர், வளர்ச்சிக் காரணி மட்டும் பெறுபவர், இரண்டும் பெறுபவர். நான்காம் பிரிவை முதல் பிரிவோடு மட்டும் ஒப்பிட்டு வெற்றி அறிவிப்பவர்களை நம்பாதீர்கள். எது வேலை செய்தது, எது வேலையைக் கெடுத்தது என்று அதில் தெரியாது. புற்று திரும்புகிறதா என்று ஐந்தாண்டு பின்தொடர்வதும் அந்தத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கடைசியாக, இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயம். கல்லீரல் என்றதும் நம் வீடுகளில் கீழாநெல்லி நினைவுக்கு வரும். 1988-இல் சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு அதைக் கொடுத்தபோது 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது. வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் மீண்டும் கிடைக்கவில்லை. அறுவைக்குப் பிந்திய கல்லீரல் வளர்ச்சிக்கும் அந்தச் சோதனைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கோவிட் காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் சேதம் ஏற்பட்டதும் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை, அடர்த்தியாக்கிய மாத்திரையைச் சொல்கிறேன். ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது கல்லீரல் அறுவை முடிவாகியிருந்தால், அவர் எடுத்துக்கொள்ளும் வைட்டமின் ஈ, லிவர் டானிக், கீழாநெல்லி மாத்திரை, கிரீன் டீ சாறு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அறுவைத் தேதிக்கு முன்பே மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள். அறுவை முடிந்து வீடு திரும்பிய பிறகும் அவரைக் கேட்காமல் அவற்றில் எதையும் மறுபடி தொடங்காதீர்கள்.